தலையணைக்கு உறை சரி. மிக்ஸிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் என்ன போடுவது?

நூல்கண்டு (கரூர்)

வணக்கம். கரூரில் வீட்டு ஜவுளி தைக்கும் ஒரு சின்ன யூனிட்டில் கணக்கும் லேபிளும் பார்க்கிறேன். இதுவரை ஏற்றுமதிக்கு மட்டும் தைத்தோம். லேபிள் ஆங்கிலத்தில் அச்சாகி வந்துவிடும், வைத்துத் தைத்தால் வேலை முடிந்தது. இப்போது உள்ளூர்க் கடைகளுக்கும் போடப்போகிறோம், தமிழில் லேபிள் வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

என் மேசையில் இருக்கும் பட்டியல் இது: பில்லோ கவர், குஷன் கவர், மெத்தைக்கு ஜிப் வைத்த கவர், ரஜாய் கவர், சோபா கவர், மிக்ஸி கவர், ஃப்ரிட்ஜ் மேலே போடும் கவர், சிலிண்டர் கவர். எல்லாவற்றுக்கும் ‘உறை’ என்று எழுதிப் பார்த்தேன். தலையணை உறை கண்ணை உறுத்தவில்லை. ‘ஃப்ரிட்ஜ் உறை’ என்றால் உள்ளே தண்ணீர் கட்டிப்போன மாதிரி இருக்கிறது. ‘மிக்ஸி மூடி’ என்று எழுதினால் ஜார் மூடி என்று நினைத்து வாங்கிப் போய்ச் சண்டைக்கு வருவார்கள். கட்டிங் மாஸ்டரோ, “கவர்னே போடுங்க, உறைன்னு கேட்டு எவன் வாங்கறான்” என்கிறார்.

உறை என்ற சொல் எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புகார்க்கரை (மயிலாடுதுறை)

எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். பொருளை அதற்குள் நுழைக்கிறோமா, அல்லது அதைப் பொருளின் மேல் போடுகிறோமா? நுழைத்தால் உறை. வாள், தலையணை, கடிதம், கை, கால் எல்லாம் உள்ளே போகின்றன. மேலே போட்டால் அது போர்வை, அல்லது விரிப்பு. வாயை மட்டும் அடைத்தால் மூடி. கட்டித் தொங்கவிட்டால் திரை.

இந்தக் கணக்கில் உங்கள் பட்டியலில் முதல் நான்கும் உறைதான். ஃப்ரிட்ஜ் மேலே போடுவது விரிப்பு, சந்தேகமே வேண்டாம். சோபாவுக்கு எப்படித் தைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நூல்கண்டு (கரூர்)

சோபாவுக்கு இரண்டு விதமாகவும் தைக்கிறோம் ஐயா. ஒன்று, கைப்பிடிக்கும் முதுகுக்கும் அளவெடுத்து எலாஸ்டிக் வைத்து இழுத்து மாட்டுவது. இன்னொன்று, சும்மா நீளமாக ஓரம் அடித்து மேலே போட்டுவிடுவது. அப்படியென்றால் முதலாவது சோபா உறை, இரண்டாவது சோபா விரிப்பு. பரவாயில்லை, இது உதவுகிறது. கடைக்காரர்களே இரண்டையும் ‘சோபா கவர்’ என்று சொல்லித்தான் குழம்புகிறார்கள். பாதி ரிட்டர்ன் அதனால்தான் வருகிறது.

கொதும்பு (நாகர்கோவில்)

உறையா உரையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கடைவீதியில் ‘தலையணை உரை’ என்று எழுதிய பலகை எத்தனையோ பார்த்தாயிற்று. தலையணைக்கு யார் உரை எழுதினார்கள், பரிமேலழகரா என்று கேட்கத் தோன்றும். வல்லின ற போட்டால்தான் கவர். இடையின ர போட்டால் பேச்சு அல்லது விளக்கம். லேபிள் அச்சுக்குப் போவதற்கு முன் யாராவது ஒருவர் பிழை பார்த்துவிடுங்கள், ஆயிரக்கணக்கில் அடித்த பிறகு பார்க்காதீர்கள்.

சுன்னாகத்தான் (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கம் ‘உறை’ பேச்சிலேயே உயிரோடு இருக்கிறது. தலகணி உறை என்றுதான் அம்மா சொல்லுவா. பள்ளிக்கூடம் தொடங்கினால் கொப்பிகளுக்கு உறை போடுவது ஒரு பெரிய வேலை. நீங்கள் அங்கே அதை ‘அட்டை போடுவது’ என்பீர்கள் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக் பைக்கு மட்டும் நாங்கள் ‘சொப்பிங் பேக்’. இந்தியாவில் இருந்து வந்த ஒருவர் கடையில் நின்று “ஒரு கவர் குடுங்க” என்று கேட்க, கடைக்காரர் கடிதம் போடுகிற என்வலப்பை எடுத்துக் கொடுத்தார். இவர் மூன்று கிலோ வெங்காயத்தோடு நிற்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. கறியில் மிளகாய் கூடினால் எங்களுக்கு அது ‘உறைப்பு’. காரம் என்று சொல்ல மாட்டோம். அந்த உறைப்புக்கும் இந்த உறைக்கும் ஏதாவது சொந்தம் இருக்கிறதா? தமிழ் படித்தவர்கள் சொல்லட்டும்.

ஸ்டாம்பு பெட்டி (சென்னை)

தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தாத்தா காலத்தில் கடித உறைக்கு ‘லக்கோட்டா’ என்று பெயர். வடக்கிலிருந்து வந்த சொல். “லக்கோட்டாவை ஒட்டிக் குடு” என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லைச் சொன்னால் பேரன் ஏதோ ரொட்டி என்று நினைக்கிறான்.

லக்கோட்டா போய் கவர் வந்தது. ஸ்டேஷனரி கடையில் நின்று பாருங்கள்: லாங் கவர், பிரவுன் கவர், உள்ளே துணி ஒட்டிய கிளாத் கவர், விலாசம் தெரிகிற ஜன்னல் கவர். ஒருவர்கூட உறை என்று கேட்பதில்லை. ஆனால் ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் மட்டும் தமிழில் எழுதும்போது ‘முதல் நாள் உறை’ என்றே எழுதுகிறார்கள். புது ஸ்டாம்பு வெளியாகும் அன்றே அதை ஒட்டி, அந்த நாளின் தனி முத்திரை குத்திய உறை. அதில் உள்ளே கடிதமே இருக்காது. பெரும்பாலும் ஒரு விளக்கத் தாள், அல்லது ஒன்றுமே இல்லை. நுழைக்கிற சோதனை சொன்ன மயிலாடுதுறை நண்பருக்கு: இங்கே நுழைக்க எதுவும் இல்லை, உறைதான் சரக்கு.

புகார்க்கரை (மயிலாடுதுறை)

காலி உறையும் உறைதானே ஐயா. வாளை உருவிய பிறகு இடுப்பில் தொங்குவதற்கு வேறு பெயரா வைக்கிறோம்?

மரகத டீச்சர் (மதுரை)

இந்தச் சொல்லை வகுப்பில் நான் வேறு வழியில் நடத்துவேன். பெயரைப் பார்க்காதீர்கள், கூட வருகிற வினையைப் பாருங்கள் என்பேன். உறை போடு என்றால் தலையணை, அல்லது யாழ்ப்பாணத்தில் கொப்பி. உறையைப் பிரி என்றால் கடிதம். உறையிலிருந்து உருவு என்றால் வாள். உறை இறக்கு என்றால் கிணறு. உறை ஊற்று என்றால் பால். பெயர் ஒன்றே, வினை மாறினால் போதும், ஆளுக்கு ஆள் கண்முன் வேறு வேறு பொருள் வந்து நிற்கிறது. பிள்ளைகளிடம் வினையை மட்டும் சொல்லிப் பொருளை வரையச் சொன்னால் ஒரு பீரியட் ஓடிவிடும்.

சுன்னாகத்து நண்பருக்கு. ‘உறை’ என்ற வினை இரண்டு விதமாக நடக்கிறது. உறைகிறது, உறைந்தது: தங்குவதும் கட்டியாவதும் இதில் வரும். நெய் உறைந்தது, ரத்தம் உறைந்தது, வானுறையும் தெய்வம், உறைவிடம் எல்லாம் இந்தக் கணக்கு. உறைக்கிறது, உறைத்தது: நாக்கில் சுரீரென்று ஏறுவது. உங்கள் உறைப்பு இரண்டாவது. தமிழ்நாட்டிலும் அது ஒழிந்துபோகவில்லை. நாக்கை விட்டு மனசுக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான். “இவ்வளவு சொல்லியும் அவனுக்கு உறைக்கல”, “அப்பத்தான் எனக்கு உறைச்சுது” என்று தினம் சொல்கிறோம். குழம்புக்குக் காரம், புத்திக்கு உறைப்பு.

காந்தள் (திருச்சி)

எல்லாம் ஒரே வேர்தான் டீச்சர். தங்குவது என்பதுதான் அடிப்படை. வாள் உறையில் தங்குகிறது. பால் ஓடாமல் தங்கினால் தயிர். கடவுள் கோயிலில் உறைகிறார். மக்கள் தங்கிய ஊர் உறையூர். எங்கள் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு உறை பற்றிப் பேசினால் எப்படி? சோழர்களின் பழைய தலைநகர். கரூர் அக்காவுக்கு இன்னொரு செய்தி: கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் ‘அர்காரு’ என்று ஓர் ஊரும் அதன் பெயரால் மெல்லிய பருத்தித் துணியும் வருகின்றன. அந்த அர்காரு உறையூர்தான் என்பது அறிஞர்கள் முடிவு. ஏற்றுமதி உங்களுக்கு முன்னாலேயே நாங்கள் பார்த்தாயிற்று.

மரகத டீச்சர் (மதுரை)

துணி விஷயம் சரி. வேர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தம்பி. குறளில் “முறைகோடி மன்னவன் செய்யின் உறைகோடி ஒல்லாது வானம் பெயல்” என்று வருகிறது, 559. அங்கே உறை என்பது பருவத்து மழை. உரைகாரர்களும் அப்படியே பொருள் சொல்கிறார்கள். தங்குவதற்கும் பெய்வதற்கும் எப்படி முடிச்சுப் போடுவீர்கள்?

காந்தள் (திருச்சி)

மழை பெய்வதற்கு முன் மேகத்தில் உறைந்துதானே இருக்கிறது?

மரகத டீச்சர் (மதுரை)

இப்படி இழுத்தால் எதையும் எதோடும் ஒட்டிவிடலாம். ஒலி ஒத்துப்போகிற சொற்கள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. கட்டியாவதும் தங்குவதும் ஒன்றிலிருந்து ஒன்று வந்திருக்கலாம் என்றால் ஒத்துக்கொள்வேன். மிளகாயையும் மழையையும் அந்தக் குடும்பத்தில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஓய்வு எழுத்தர் (சேலம்)

பொதுப்பணித் துறையில் டெண்டர் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். உறை என்ற சொல் சாகாமல் இருப்பதற்கு அரசாங்கக் காகிதமும் ஒரு காரணம். “மூடி முத்திரையிடப்பட்ட உறையில் ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன” என்ற வாக்கியத்தை எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன். தமிழ்நாட்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது, விதிகள் 2000இல். அதில் இரு உறை முறை என்று ஒன்று உண்டு. தகுதி, அனுபவம், எந்திரங்கள் பற்றிய காகிதம் ஓர் உறையில். விலை இன்னொரு உறையில். முதல் உறையில் தேறியவர்களுடைய இரண்டாம் உறையைத்தான் பிரிப்பார்கள். தேறாதவர் என்ன விலை போட்டார் என்று பார்க்க வேண்டியதே இல்லை. இப்போது எல்லாம் கணினியில். காகித உறையே கிடையாது. ஆனாலும் பெயர் இரு உறைதான். அரக்கு வாசனை மட்டும் போய்விட்டது.

அப்புறம், ‘கவர்’ என்றால் எங்கள் ஆபீஸ்களில் இன்னொரு பொருளும் உண்டு. அதை யாரும் உறை என்று சொல்வதில்லை. “கவர் குடுத்தாச்சா?” என்றால் எல்லோருக்கும் புரியும், “உறை கொடுத்தாயிற்றா?” என்றால் தபால் ஆபீஸுக்கு வழி சொல்வார்கள். தமிழிலேயே கவர் என்று ஒரு வினை இருக்கிறதே, பறித்துக்கொள் என்று பொருள். “கனியிருப்பக் காய்கவர்ந் தற்று” என்பதில் வருவது. லஞ்சக் கவருக்கு அந்தப் பழைய பொருளே பொருந்திப்போகிறது.

பினாங்கு மல்லி (மலேசியா)

உறைக்குள் பணம் என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நல்ல விஷயம். சீனப் பெருநாளுக்குச் சிவப்பு உறை, அதை ‘அங் பாவ்’ என்பார்கள். நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் வீட்டில் பச்சை உறை. அதைப் பார்த்துத் தீபாவளிக்கும் உறை வந்துவிட்டது. மயில், குத்துவிளக்கு, கோலம் எல்லாம் அச்சடித்து வங்கியே கொடுக்கும். நாங்களும் வாய்க்கு வாய் அங் பாவ் என்றுதான் சொல்கிறோம். பிள்ளைகள் தீபாவளி அன்று வாங்கி, மூலையில் போய்த் திறந்து எண்ணுவார்கள். பெரியவர்கள் முன்னால் பிரிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருப்போம், கேட்டால்தானே.

அங்கே கல்யாணத்தில் மொய்க்கும் கவர்தானே?

நூல்கண்டு (கரூர்)

ஆமாம் அக்கா, மொய்க் கவர். மேலே ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டியே விற்பார்கள், 100 ரூபாய் வைத்தால் 101 ஆகிவிடும், 500 வைத்தால் 501. முழு எண்ணாக வைக்கக் கூடாது என்று வழக்கம். கவரை மறந்து வந்தவர்கள் மண்டபத்து வாசலில் எதிர்க்கடைக்கு ஓடுவார்கள். ஆனால் எங்கள் பக்கம் பல வீட்டில் மொய் எழுதுகிறவர் கவரை அங்கேயே பிரித்து, எண்ணி, பேரையும் ஊரையும் நோட்டில் எழுதி, கவரைக் கீழே போட்டுவிடுவார். மேசைக்கு அடியில் முழங்கால் உயரத்துக்குக் கவர் கிடக்கும், ஒரு ரூபாயைப் பிய்த்து எடுக்கப் பையன்கள் காத்திருப்பார்கள்.

சுன்னாகத்தான் (யாழ்ப்பாணம்)

கிணற்றுக்கு உறை இறக்குவது என்று டீச்சர் சொன்னது எனக்குப் புதிது. எங்கட வலிகாமத்தில் சுண்ணாம்புக் கல்லை உடைத்துத்தான் கிணறு வெட்டுவது. கரையோர மணல் பக்கம் கொங்கிரீட் வளையம் இறக்குவார்கள். அதுவா?

புகார்க்கரை (மயிலாடுதுறை)

அதுவேதான். இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் உறை இறக்கியபோது அருகில் இருந்து பார்த்தவன்.

எங்கள் கடலோரப் பக்கம் மணல். வெறுமனே தோண்டினால் இடுப்பளவுக்குள் சரிந்து மூடிவிடும். அதனால் முதலில் ஆழம் குறைவாக ஒரு குழி. அதில் முதல் சிமெண்ட் உறையை மட்டம் பார்த்து வைப்பார்கள். கடையில் கேட்கும்போது ‘மூணடி உறை’, ‘நாலடி உறை’ என்று குறுக்களவைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஓர் ஆள் உறைக்குள் இறங்கி, கைப்பிடி குட்டையாக வெட்டிய மண்வெட்டியால் உள்பக்கத்து மணலைச் சுற்றிச் சுற்றி எடுப்பார். மேலே இருக்கிறவர் வாளியில் இழுத்துக் கொட்டுவார். அடி மணல் போகப் போக உறை தன் கனத்தில் தானே இறங்கும். தரை மட்டத்துக்கு வந்ததும் அதன் தலையில் அடுத்த உறை. இப்படியே தண்ணீர் வரும்வரை. ஒரு பக்கமே வெட்டினால் உறை சாய்ந்துகொள்ளும், அதற்கு ‘கோணிக்கிச்சு’ என்பார்கள். கோணிய உறையை நிமிர்த்துவதைவிடப் புதுக் கிணறு தோண்டுவது சுலபம் என்று மேஸ்திரி புலம்புவார். ஊற்று வந்த பிறகு ஆள் மார்பளவு தண்ணீரில் நின்று இரண்டு உறையாவது கூடுதலாக இறக்கினால்தான் கோடையில் தண்ணீர் நிற்கும்.

இதே வேலைதான் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னும். சிமெண்டுக்குப் பதில் சுட்ட மண். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும்போது “உறைக்கிணற்றுப் புறச்சேரி” என்று வருகிறது. அந்தப் பட்டினம் இருந்த பூம்புகார் எங்கள் மாவட்டம்தான். அரிக்கமேட்டிலும் கீழடியிலும் மண்ணுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுடுமண் உறைகள் அப்படியே கிடைத்திருக்கின்றன. கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போனால் அகழாய்வுப் பொருள்களைப் பார்க்கலாம். நான் போனபோது ஒரு பெரியவர் உறைகிணற்றைப் பார்த்துவிட்டு, “இதத்தான் போன வருசம் நம்ம வீட்டுக் கழிவுத் தொட்டிக்கு இறக்குனோம்” என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சரிதானே, செப்டிக் டேங்குக்கும் இதே உறைதான் வாங்குகிறோம்.

கொதும்பு (நாகர்கோவில்)

அப்படியானால் உங்கள் நுழைக்கிற சோதனை அடிபடுகிறது. கிணற்று உறை எதை மூடுகிறது? மண் வெளியே இருக்கிறது, உறை உள்ளே இருக்கிறது. பள்ளத்துக்கு உள்பக்கம் கொடுத்த பூச்சு மாதிரிதான் அது.

புகார்க்கரை (மயிலாடுதுறை)

மண் பக்கம் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தண்ணீர்ப் பக்கம் நின்று பாருங்கள். கிணறு என்று நாம் சொல்வது நடுவில் இருக்கிற அந்தத் தண்ணீரையும் வெற்றிடத்தையும். அது உறைக்குள்தான் இருக்கிறது. மண்ணைப் போர்த்த யாரும் உறை இறக்கவில்லை.

மரகத டீச்சர் (மதுரை)

நன்றாகச் சொன்னீர்கள். ‘உள்ளே இருப்பதைக் காப்பது’ என்று வைத்துக்கொண்டால் உயிரியல் பாடத்தில் இருக்கும் சொற்களும் சேர்ந்துவிடும். விதையுறை, இதய உறை, மூளை உறை. மூளை உறையில் அழற்சி வந்தால் அது மூளையுறை அழற்சி. இவற்றில் யாரும் எதையும் நுழைக்கவில்லை. அதுவே கூட வளர்ந்தது.

கொதும்பு (நாகர்கோவில்)

பாடப்புத்தகம் ‘விதையுறை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். எங்கள் ஊரில் ஒரு தென்னையை வைத்துக்கொண்டு கேளுங்கள். பூக்குலையை மூடியிருப்பது பாளை, அது காய்ந்து விழுந்தால் கொதும்பு, காயைச் சுற்றி மட்டை, அதற்குள் சிரட்டை. நெல்லுக்கு உமி, புளிக்குக் கோது, வெங்காயத்துக்குச் சருகு. தொழில்காரன் தினம் உரித்துப் பார்க்கிற பொருளுக்கு உறை என்று பொதுப்பெயர் சொல்ல மாட்டான். பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை உறையில் வைப்பதில்லை, இடுப்பில் கட்டிய ‘அருவாப்பெட்டி’யில் வைப்பார்கள். வேலை அதே வேலைதான், ஆனால் பெயர் பெட்டி. பழைய கதைகளில் ராஜாவுக்குத்தான் உறை.

புகார்க்கரை (மயிலாடுதுறை)

தொழில்காரன் பேச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. நடவு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பெண்கள் சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளி இன்னொரு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். தலையும் முதுகும் நனையாது, இரண்டு கையும் வேலைக்கு. அதற்கு ‘கொங்காணி’ என்று பெயர். இதை உறை என்பதா, போர்வை என்பதா, முக்காடு என்பதா? தலை உள்ளே நுழைகிறது, முதுகின் மேல் கிடக்கிறது. இப்போது நெகிழி உரச் சாக்கில் போடுகிறார்கள். பழைய கோணிச் சாக்கு நனைந்து கனத்துவிடும், இது கனக்காது.

குன்னூர்க் குளிர் (நீலகிரி)

பால் பக்கம் யாரும் வரவில்லையே. எங்களுக்கு இங்கே உறை ஊற்றுவது பெரும்பாடு. டிசம்பர், ஜனவரியில் ராத்திரி உறை ஊற்றிவிட்டுக் காலையில் பார்த்தால் பால் அப்படியே பாலாக இருக்கும். தயிரில் இருக்கும் நுண்ணுயிருக்கு வெதுவெதுப்பு வேண்டும், இந்தக் குளிரில் அது வேலை செய்யாது. அதனால் பாலைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, சமவெளியில் விடுவதைவிட ஒரு கரண்டி கூடவே தயிர் விட்டு, பாத்திரத்தைக் கம்பளித் துணியால் சுற்றி, அடுப்புப் பக்கத்தில் வைப்போம். சிலர் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பார்கள். தயிரே இல்லாத நாளில் பச்சை மிளகாயைக் காம்போடு போட்டு உறைய வைப்பதும் உண்டு. தோய்ந்துவிடும், ஆனால் எனக்கு அந்தத் தயிர் பிடிக்காது.

வெளியே என்ன என்றால், புல்வெளி எல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகள் கருகிவிடாமல் இருக்கக் கோத்தகிரி மிலார் செடியை வெட்டி வந்து மூடி வைப்பார்கள். பால் உறையவும் போர்வை வேண்டும், செடி உறையாமல் இருக்கவும் போர்வை வேண்டும். எங்கள் பிழைப்பு இது.

நூல்கண்டு (கரூர்)

எங்கள் பக்கம் ‘பொரை ஊத்தறது’ என்போம். உறை என்று சொன்னால் தயிர் ஞாபகமே வராது. லேபிளுக்கு நல்லதுதான்!

மரகத டீச்சர் (மதுரை)

அகராதியில் ‘பிரை’ என்று இருக்கும். பிரை குத்துவது என்றும் சொல்வார்கள். அது பேச்சில் பொரை ஆகியிருக்கிறது. ஒலி கிட்டத்தில் இருப்பதால் இதையும் உறையோடு சேர்க்கத் திருச்சித் தம்பி வருவார் பாருங்கள்.

காந்தள் (திருச்சி)

வரவில்லை டீச்சர். தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நூல்கண்டு (கரூர்)

ஒரு விஷயத்தைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். மாதிரி லேபிளில் ‘குஷன் உறை’ என்று அடித்துக் காட்டினேன். பேக்கிங் பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறார்கள். காரணம் உங்களுக்கே புரியும். கடையிலும் இப்படிச் சிரிப்பார்களா?

மரகத டீச்சர் (மதுரை)

இதில் தயங்க என்ன இருக்கிறது. ஆணுறை என்ற சொல்லைச் சொல்கிறீர்கள். 1968இல் அரசாங்கம் ‘நிரோத்’ கொண்டுவந்தபோது அந்தப் பெயரே பொருளுக்கும் பெயராகிவிட்டது. சுவர் விளம்பரத்தில் எல்லாம் நிரோத்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் செய்த ஆய்வில். அதற்குப் பிறகு வந்த விழிப்புணர்வுப் பிரசுரங்களுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டியிருந்தது, ஆணுறை பரவிவிட்டது. என் கணக்கில் அது நல்ல சொல்லாக்கம். கூச்சமும் இல்லை, கொச்சையும் இல்லை. கையுறை, காலுறை வரிசையில் இயல்பாக உட்காருகிறது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று பேருந்து எல்லாம் எழுதிய காலத்தில் நான் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு அந்தச் சொல்தான் கைகொடுத்தது.

பையன்கள் சிரிப்பது ‘உறை’ அவர்கள் காதில் தனியாக விழாததால். ‘தலையணை உறை’க்கு யாரும் சிரிப்பதில்லை பாருங்கள். பழகின ஜோடி அது. குஷனுக்கு ‘திண்டு’ இருக்கிறதே, ‘திண்டு உறை’ என்று போடுங்கள்.

நூல்கண்டு (கரூர்)

திண்டு என்றால் எங்கள் பக்கம் உருளையாக, மாப்பிள்ளை சாய்ந்து உட்காருகிற பெரிய தலையணை டீச்சர். நாங்கள் தைப்பது 16க்கு 16 அங்குலம், சதுரம். ‘சதுர திண்டு உறை’ என்று போட்டால் முதலாளி என்னை ஒரு மாதிரி பார்ப்பார். அதற்குக் குஷன் கவர்தான். மாஸ்டர் ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. பிளாஸ்டிக் கவர் தடை பற்றி இரண்டு பேர் தனித் தகராறு தொடங்கியிருந்தார்கள், அதை வேறு இழைக்கு நகர்த்திவிட்டேன். சொல் தொடர்பான ஒரு குறிப்பை மட்டும் இங்கே விடுகிறேன்: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை. பால் பாக்கெட்டுக்கு விலக்கு. ‘பால் கவர்’ தப்பித்தது, ‘கடைக் கவர்’ மாட்டிக்கொண்டது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ தொடங்கியது. ஆனாலும் “கவர் வேணுமா?” என்று கேட்டுவிட்டுத் துணிப்பையை நீட்டும் கடைக்காரர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். பொருள் மாறிவிட்டது, பேர் கவராகவே நிற்கிறது.

ஸ்டாம்பு பெட்டி (சென்னை)

சிலிண்டருக்கு என்ன முடிவு?

நூல்கண்டு (கரூர்)

அதற்கு முதலாளியே பேர் வைத்துவிட்டார்: ‘சிலிண்டர் சட்டை’. மேலே கழுத்துக்குச் சுருக்கு நாடா, முன்பக்கம் பொத்தான், நிஜமாகவே சட்டைதான். பாம்புக்குச் சட்டை இருக்கும்போது சிலிண்டருக்கு இருந்தால் என்ன என்கிறார். கடைக்காரர்கள் போனில் சிரித்துக்கொண்டே இரண்டு டஜன் சேர்த்துக் கேட்கிறார்கள்.

மற்றவை: தலையணை உறை, மெத்தை உறை, ரஜாய் உறை, சோபா உறை, சோபா விரிப்பு, ஃப்ரிட்ஜ் விரிப்பு, குஷன் கவர். தலையணை உறையில் மட்டும் இரண்டு ரகம் வருவதால் ‘உள்மடிப்பு’, ‘நாடா’ என்று கீழே சின்ன எழுத்தில் போடுகிறோம். உள்மடிப்பு என்றால் வாய்ப் பக்கத் துணியை ஒரு சாண் உள்ளே மடித்து அடித்திருப்போம், தலையணையைத் தள்ளிவிட்டு மடிப்பை இழுத்து மூடினால் வெளியே பிதுங்காது. மிக்ஸிக்குத்தான் இன்னும் பேர் கிடைக்கவில்லை. மேலிருந்து கவிழ்ப்பது, அடிப்பக்கம் திறந்திருக்கும், பின்னால் ஒயருக்கு ஒரு வெட்டு.

சுன்னாகத்தான் (யாழ்ப்பாணம்)

கவிழ்ப்பது என்றால் கோழியைக் கவிழ்க்கிற பஞ்சாரம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. அதைப் போடாதேயுங்கோ.

புகார்க்கரை (மயிலாடுதுறை)

‘மிக்ஸி கொங்காணி’ என்று போடுங்களேன். எங்கள் ஊரில் நான் நாலு வாங்கிக்கொள்கிறேன்.

நூல்கண்டு (கரூர்)

நாலு போதாது ஐயா, குறைந்தது ஆறு டஜன் ஆர்டர் வந்தால்தான் லேபிள் அடிக்க விடுவார்கள்.